முதுமையில் இடுப்புவலி: நிவாரணத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

எழுபதைக் கடந்த ஒருவருடைய அலமாரியைத் திறந்தால், அவருடைய இடுப்புவலியின் வரலாற்றை அங்கேயே படித்துவிடலாம். பாதி தீர்ந்த தைலக் குப்பி, ஒட்டும் பட்டை தளர்ந்துபோன பெல்ட், நான்கு மாத்திரைகள் மட்டும் எஞ்சிய அட்டைகள், ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை, சம்பந்தி வீட்டார் சொல்லி வாங்கிய அக்குபிரஷர் பலகை ஆகியவை அங்கே அடுக்கப்பட்டிருக்கும். என் தாயாரின் அலமாரியும் இப்படித்தான் இருந்தது. இவற்றில் எது கேட்டது என்று வினவினால், எல்லாமே கொஞ்சம் கேட்டது என்பார்.

சிக்கல் அந்த விடையில்தான் இருக்கிறது. இடுப்புவலி தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் புதிய மருந்தைத் தேடிப் போகிறோம்; அடுத்த ஒரு வாரத்தில் வலி தன் போக்கில் தணிந்தாலும், பெருமை அந்த மருந்தைச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே எதை எடுத்தாலும் கேட்டதுபோலத் தோன்றும், எதுவும் நிலைக்காது. முதியவர் ஒருவர் இந்தச் சுழலிலிருந்து வெளியே வர வேண்டுமானால், வலி எந்த வகை என்பதைப் பிரித்தறிந்து, அது எந்த வேலையைத் தடுக்கிறது என்பதைக் குறித்துவைத்து, தம் சிறுநீரகமும் வயிறும் எலும்பும் தாங்கக்கூடிய வழிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதையே கீழே விளக்குகிறேன்.

முதலில் விலக்க வேண்டியவை

தைலமா மாத்திரையா என்று யோசிப்பதற்கு முன்பு, வலிக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இளவயதினரின் இடுப்புவலியில் இத்தகைய நோய்கள் மிக அரிது. வயது ஏற ஏற அவற்றுக்கான வாய்ப்பும் ஏறுகிறது. இரண்டு கால்களும் திடீரென்று வலுவிழப்பது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலமோ சிறுநீரோ அறியாமல் வெளியேறுவது, ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போவது ஆகிய அறிகுறிகள், முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதைக் காட்டுகின்றன. அப்போது மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மாலைக் காய்ச்சல், உடல் இளைப்பு, இரவில் வியர்த்துக்கொட்டுதல் ஆகியவற்றோடு முதுகுவலியும் இருந்தால், நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை நினைவில் கொள்ள வேண்டும். நுரையீரலில் எந்தத் தொல்லையும் இல்லாமல்கூட அது எலும்பைத் தாக்கும். மார்பகப் புற்றுநோய்க்கோ புராஸ்டேட் புற்றுநோய்க்கோ முன்பு சிகிச்சை பெற்றவர், படுத்தாலும் விடாத புதிய முதுகுவலியைத் தேய்மானம் என்று தள்ளிவிடக் கூடாது. விலா ஓரமாக ஒரு பக்கம் மட்டும் தீயாய் எரிந்து, ஓரிரு நாட்களில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி; அதற்கான மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 3 நாட்களுக்குள் தொடங்குவதே நல்லது.

முதியவர்களிடம், குறிப்பாக மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பெண்களிடம், அடிக்கடி தவறவிடப்படுவது எலும்பு நொறுங்கல்தான். விழுந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோதோ, ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து வேகத்தடையில் குலுங்கியபோதோ முள்ளெலும்பு ஒன்று அப்பளம்போல் நொறுங்கி அமுங்கிவிடலாம். குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு செயலின்போது தொடங்கிய கடும் வலி, விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் எலும்பின்மேல் இருந்தால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பல மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். இந்த வலி பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் தணிந்துவிடும்; ஆனால் எலும்பு மெலிவுக்கு மருந்து எடுக்காவிட்டால் அடுத்த எலும்பு நொறுங்குவதற்கான வாய்ப்பு கூடுகிறது. வலி போய்விட்டதே என்று இங்கே நிறுத்திவிடுவது பெரிய பிழை.

எப்போது வலிக்கிறது என்பதைக் கவனித்தல்

மேற்சொன்னவை இல்லையென்று தெரிந்தபின், ஒரு வாரம் வலியின் நடத்தையை மட்டும் கவனித்தாலே வகை பெரும்பாலும் விளங்கிவிடும். குனிந்து நிமிரும்போதும், வெகுநேரம் அமர்ந்து எழும்போதும் பிடித்துக்கொண்டு, சிறிது நடமாடியதும் இளகும் வலி, தசைகளும் சிறு மூட்டுகளும் சார்ந்த பொதுவான இடுப்புவலியாகும். பெரும்பாலானோருக்கு இருப்பது இதுவே.

வேறொரு வகை, நடந்தால் கூடி, அமர்ந்தால் குறையும். கடைத்தெருவில் பத்து நிமிடம் நடந்ததும் தொடைகளும் கெண்டைக்கால்களும் கனத்து மரத்துப்போகும்; திண்ணையில் அமர்ந்தாலோ, முன்னே சாய்ந்து எதையாவது பற்றிக்கொண்டாலோ ஓரிரு நிமிடங்களில் விட்டுவிடும். இவர்களால் பல்பொருள் அங்காடியில் தள்ளுவண்டியின்மேல் சாய்ந்தபடி வெகுநேரம் நடக்க முடியும். சைக்கிளும் மிதிக்க முடியும். தண்டுவடக் கால்வாய் குறுகி நரம்புகள் நெருக்கப்படுவதும், முன்னே குனியும்போது அந்தக் கால்வாய் சற்று விரிவதும் இதற்குக் காரணம். இதேபோல் நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, குனியாமலும் அமராமலும் வெறுமனே நின்றாலே விட்டுவிடுமானால், கால்களின் இரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். புகைபிடித்தவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் அது அதிகம்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை, தேர்வையே மாற்றிவிடுகிறது. கால்வாய் சுருக்கம் உள்ளவருக்கு முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சி இதமளிக்கும். பின்னோக்கி வளையும் ஆசனங்கள் வலியைக் கூட்டும். எலும்பு மெலிந்தவருக்கோ முன்னோக்கி ஆழமாகக் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியே முள்ளெலும்பை நொறுக்கிவிடக்கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட பயிற்சி நமக்குக் கேடாவது இவ்வாறுதான். இரண்டு நிலைகளும் ஒருவரிடமே இருந்தால், காணொளியைப் பார்த்துப் பயிற்சி செய்யாமல், பிசியோதெரபிஸ்ட் ஒருவரை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வதே சரி.

ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வலியே இல்லாதவர்களுக்கு எடுக்கப்பட்ட ஸ்கேன்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்துத்தட்டு) தேய்மானமும், 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கமும் இருப்பதைக் காட்டியது. இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தென்பட்டது. எண்பது வயதில் தலை நரைத்திருப்பதை யாரும் நோய் என்று எழுதித் தருவதில்லை. முதுகுத்தண்டின் நரையை மட்டும் எழுதித் தருகிறார்கள். அறிக்கையைப் படித்தபின் குனியவே அஞ்சி முடங்கிப்போனவர்கள் உண்டு. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தாலோ, அறுவை சிகிச்சைக்கோ ஊசிக்கோ திட்டமிட்டாலோ ஒழிய, ஸ்கேன் தேர்வை எளிதாக்குவதில்லை.

வலியை விட்டு வேலையைக் குறித்துக்கொள்ளுதல்

அடுத்ததாக, எந்த வேலையை மீட்க விரும்புகிறோம் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். வலி முழுவதும் போக வேண்டும் என்ற இலக்கு, முதுமையில் பலருக்கு நிறைவேறாமலேயே போகும். அந்த ஏமாற்றமே அவர்களை மருத்துவர் மாற்றி மருத்துவராக அலையவைக்கிறது. அடுப்படியில் 20 நிமிடம் நிற்க வேண்டும், கோயில் பிரகாரத்தை மூன்று முறை சுற்றி வர வேண்டும், பேருந்தின் உயர்ந்த படியில் பிறர் கை பிடிக்காமல் ஏற வேண்டும், பேரக்குழந்தையைத் தரையிலிருந்து தூக்க வேண்டும் என்பவை அளந்து பார்க்கக்கூடியவை. என் தாயார் தேர்ந்தெடுத்தது வாசலில் கோலம் போடுவதை. ஐந்து புள்ளிக் கோலத்துக்கு மேல் அவரால் குனிந்திருக்க முடியவில்லை. மருந்து கேட்கிறதா என்பதற்குப் பதிலாகப் புள்ளிகளை எண்ணத் தொடங்கியதும், எங்கள் வீட்டில் பேச்சே மாறிவிட்டது.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால், மருந்தே தேவைப்படாத தீர்வுகளும் கண்ணில் படும். அரிவாள்மணையை மேசைக்கத்தியாக மாற்றுவது, தரையில் சம்மணமிட்டு உண்பதை நாற்காலிக்கு மாற்றுவது, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்துவது, ரேஷன் அரிசியை இரண்டு பைகளாகப் பிரித்து இரு கைகளிலும் சமமாகத் தூக்குவது ஆகியவற்றுக்குப் பக்கவிளைவு கிடையாது. தரையில் அமர்வதை விட்டுவிட்டால் உடல் இன்னும் இறுகிப்போகுமே என்பது நியாயமான அச்சம்தான். எழும்போது வலிக்காதவரை அதை விட வேண்டியதில்லை. தடுமாற்றம் இருந்தால், அருகில் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டு அதைப் பிடித்து எழலாம்.

படுக்கையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். இடுப்புவலிக்காரர் கட்டாந்தரையிலோ பலகையிலோ படுக்க வேண்டும் என்ற அறிவுரை நம் வீடுகளில் இன்னும் வழங்குகிறது. ஸ்பெயினில் 313 பேரிடம் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வில், கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களே நன்றாகத் தேறினார்கள். தோள் புதையாமலும் இடுப்பு தொய்யாமலும் தாங்கும் இலவம்பஞ்சு மெத்தையே போதும். இரவில் இரண்டு முறை சிறுநீருக்கு எழும் ஒருவர் தரையில் படுப்பது, விழுவதற்கு வழி தேடுவதாகும்.

உடலை அசைத்தல்

உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கான முதல் வழிகாட்டுதலை 2023 டிசம்பரில் வெளியிட்டது. முதியவர்களையும் தனியாகக் கருத்தில் கொண்ட அந்த ஆவணம், நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, பிடித்துவிடுதல், மனப்பயிற்சி ஆகியவற்றை ஆதரிக்கிறது. நாம் பெரிதும் நம்பும் பலவற்றைக் கைவிடச் சொல்கிறது. அவற்றைப் பின்னர் பார்ப்போம். எந்தப் பயிற்சி சிறந்தது என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. யோகா, நடை, நீரில் நடத்தல், தசை வலுப்பயிற்சி ஆகியவற்றுள் எதை ஒருவர் மூன்று மாதம் விடாமல் செய்வாரோ அதுவே அவருக்குச் சிறந்தது.

எனக்கு நடையின்மேல் ஒரு சாய்வு உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இடுப்புவலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரைக் கொண்டு நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாகக் கூட்டப்பட்ட நடைப்பயிற்சியை மேற்கொண்டவர்களுக்கு வலி மீண்டும் திரும்ப இடைநிலையாக, அதாவது பாதிப் பேருக்கு வலி திரும்பும்வரை, 208 நாட்கள் ஆயின. நடைப்பயிற்சி இல்லாதவர்களுக்கு 112 நாட்களே ஆயின. செலவு, ஒரு ஜோடி நல்ல செருப்பு. மெல்லிய ரப்பர் செருப்பைத் தவிர்த்து, குதிகாலைப் பற்றிக்கொள்ளும் பட்டையுள்ள செருப்பாக வாங்க வேண்டும்.

தொடங்கும் அளவை முதல் நாளின் வலியே தீர்மானிக்கட்டும். எட்டு நிமிடத்தில் வலி வருமானால் ஐந்து நிமிடத்தில் நிறுத்தி, அதையே நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டி, வாரம் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் என்ற அளவை நோக்கிப் போக வேண்டும். தெருவில் நாய்த் தொல்லையும் குழியும் இருந்தால் மொட்டைமாடி போதும். கால்வாய் சுருக்கம் உள்ளவர் இடையிடையே அமர்ந்து எழுந்து நடப்பதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். ஓரிடத்திலேயே நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளில் அமர்ந்து மிதிப்பது அவருக்கு இன்னும் எளிது.

நடையோடு மூன்று எளிய பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கைகளால் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதைப் பத்து முறை செய்வது தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும். முடியாதவர் இருக்கையின்மேல் தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்தி ஐந்து விநாடி நிறுத்துவது இரண்டாவது. அதே நிலையில் அடிவயிற்றை உள்ளிழுத்து, இடுப்பின் வளைவைப் படுக்கையோடு அழுத்துவது மூன்றாவது. மூச்சை அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது முக்கியம். பயிற்சிக்குப்பின் வலி சற்றுக் கூடி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்குத் திரும்பினால் தொடரலாம். திரும்பாவிட்டால் அளவைப் பாதியாக்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போய்வர முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவருபவரிடமே இதைக் கேட்கலாம், பலர் கேட்பதில்லை.

சூடும் கையும்

ஒத்தடம் நோயை ஆற்றுவதில்லை. ஆனால் இறுகிய தசையை இளக்கி, அடுத்த அரைமணி நேரம் உடலை அசைக்க வழிவிடுகிறது. ஆகவே அதைப் படுக்கும் முன் மட்டும் வைக்காமல், நடைக்கும் பயிற்சிக்கும் முன்பு வைத்தால் பயன் கூடும். கல்லுப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து, 15 முதல் 20 நிமிடம் ஒற்றியெடுக்கலாம். நொச்சியிலை சேர்ப்பது அவரவர் விருப்பம். மணமும் ஓர் ஆறுதல்தான். நீரிழிவால் தோலின் உணர்வு மங்கியவர்கள் சூட்டைத் தாமே சோதிக்கக் கூடாது. வீட்டில் உள்ள மற்றொருவர் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துத் தர வேண்டும். வெந்நீர்ப் பையின்மேல் படுத்து உறங்கிவிட்டுத் தோல் வெந்துபோய் எழுந்தவர்கள் உண்டு.

தைலம் தேய்த்துப் பிடித்துவிடுவதைத் தாராளமாகச் செய்யலாம். தைலத்தைவிடத் தேய்க்கும் கையே அதிக வேலை செய்கிறது என்பது என் எண்ணம். தேய்த்தபின் குளிக்கப் போகும்போது, எண்ணெய் படிந்த பாதத்தோடு வழவழப்பான தரையில் கால் வைப்பதுதான் உண்மையான ஆபத்து. பாதத்தை முதலில் துடைத்துவிட வேண்டும். மிளகாயிலிருந்து எடுக்கும் காரப்பொருள் சேர்ந்த களிம்புகள் சிலருக்கு உதவும். பூசிய கையைக் கண்ணில் வைக்கக் கூடாது.

ஆனால் பிடித்துவிடுவது வேறு, முறுக்குவது வேறு. உலக்கையை உருட்டிச் சுளுக்கெடுப்பதும், முதுகின்மேல் ஏறி மிதிப்பதும், இடுப்பைச் சட்டென்று திருப்பிச் சொடுக்குவதும் எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு ஆகாதவை. இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்ற நம்பிக்கை சில ஊர்களில் இருக்கிறது. மென்மையாக நீவுவதானால் யார் நீவினாலும் கெடுதல் இல்லை. சித்த மருத்துவத்தை நாடுபவர்கள், தகுதி பெற்ற மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்கோ, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ போகலாம். பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் தரப்படும் சூரணம் மூன்றே நாளில் வலியை அடியோடு நிறுத்தினால் மகிழ வேண்டாம். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். முகம் உப்புவதும், சர்க்கரை எகிறுவதும் அதன் அடையாளங்கள்.

மாத்திரையின் விலை

மருந்துக்கடையில் இடுப்புவலி என்று சொன்னதும் தரப்படும் மாத்திரை பெரும்பாலும் கலப்பு மாத்திரையாக இருக்கும். அசெக்ளோஃபெனாக்கோடு பாரசிட்டமாலும், சிலவற்றில் தசை இளக்கியும் சேர்ந்திருக்கும். இரண்டே வேளையில் வலி இறங்குவதால் அதுவே பழக்கமாகிவிடுகிறது. அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை அழற்சியைத் தணிக்கும் இனத்தைச் சேர்ந்தவை. உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட வலிக்கு இந்த இனத்தை முற்றிலும் ஒதுக்கவில்லை. முதியவருக்குக் கொடுக்கும்போது அவருடைய மற்ற நோய்களைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் போடுவது எப்படி என்பதில்தான் தேர்வு அடங்கியிருக்கிறது.

இந்த மாத்திரைகள் வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும். முதியவர்களில் பலர் முன்னறிவிப்பாக வயிற்றுவலிகூட இல்லாமல் திடீரென்று கருமலம் போகிறார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ எடுப்பவரிடம் இரத்தப்போக்கு ஆபத்து மேலும் கூடும். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனோ எனலாபிரிலோ எடுத்துக்கொண்டு, அதோடு நீர்ப்பெருக்கி மாத்திரையும் உட்கொள்பவர், மூன்றாவதாக இந்த வலி மாத்திரையைச் சேர்த்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் மூன்று பக்கமும் இறுக்கப்படுகிறது. சித்திரை வெயிலில், வயிற்றுப்போக்கு வந்த நாளில், இதனால் சிறுநீரகம் சில நாட்களிலேயே பழுதாகலாம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கவைத்து, அந்த இனத்தையே ஏறக்குறைய அழித்ததால்தான், கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா 2006-இல் தடை செய்தது. மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைப்போல அவ்வளவு எளிதில் வீழாது; இருந்தாலும் மருந்து போய் முட்டும் உறுப்பு அதுதான்.

ஆகவே இதய நோய், சிறுநீரகக் குறைபாடு, வயிற்றுப்புண் ஆகிய மூன்றும் இல்லாதவர், மருத்துவரின் ஆலோசனையோடு, குறைந்த அளவில், வலி மிகுந்த சில நாட்களுக்கு மட்டும், வயிற்றுக் காப்பு மாத்திரையோடு உட்கொள்ளலாம். மற்றவர்கள் டைக்ளோஃபெனாக் களிம்பைப் பூசிப் பார்க்கலாம். இடுப்பின் ஆழத்துக்கு அது எட்டுவது குறைவுதான். ஆனால் இரத்தத்தில் சேர்வதும் குறைவு.

பாரசிட்டமால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சாதுவானது. இடுப்புவலிக்கு வலுவானதாக இல்லை. திடீர் இடுப்புவலியில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட விரைவாகக் குணம் தரவில்லை என்று 2014-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இருப்பினும் பிற மருந்துகளுக்கு இடமில்லாத முதியவர் ஒருவர், உறங்க முடியாத இரவில் எடுத்துப் பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். நாளொன்றுக்கு 3 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது முதியவர்களுக்குப் பாதுகாப்பு. கலப்பு மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் ஒளிந்திருக்கும் பாரசிட்டமாலையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வலுவான வலிநீக்கியான ட்ரமடால், தசை இளக்கிகள், நரம்புவலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் ஆகியவற்றுக்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு: அவை மூளையை மந்தமாக்குகின்றன. இரவில் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்பவருக்கு, பழைய இடுப்புவலி ஒரு பொருட்டாகவே தோன்றாது. நரம்புச் சத்து மாத்திரை என்ற பெயரில் நம்மிடம் ஏராளமாக எழுதித் தரப்படுவது, பிரிகாபலினும், வைட்டமின் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினும் சேர்ந்த மாத்திரை. நீரிழிவால் பாதம் எரிபவருக்குப் பிரிகாபலின் பயன்படும். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்றும், தலைச்சுற்றலை மட்டும் கூட்டியது என்றும் 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பெல்ட், கரன்ட், ஊசி, கத்தி

பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் ஆகிய நான்கையும் நாள்பட்ட பொதுவான இடுப்புவலிக்கு வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. பிசியோதெரபி என்று போய், பத்து நாள் கரன்ட் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பயிற்சிகூடக் கற்காமல் திரும்புபவர் காசை விட்டதோடு காலத்தையும் விட்டவராகிறார். முதல் நாளிலேயே, வீட்டில் செய்ய என்ன பயிற்சி சொல்லித் தருவீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. பேருந்துப் பயணத்தின்போது ஓரிரு மணி நேரம் பெல்ட் அணிந்தால் துணிவு வருகிறது என்பவரைத் தடுக்க நான் முனையமாட்டேன். விடிந்ததும் கட்டி, படுக்கும்போது அவிழ்ப்பதுதான் வேண்டாம். எலும்பு நொறுங்கியபின் மருத்துவர் சில வாரங்களுக்குத் தரும் தாங்குபட்டை இந்தக் கணக்கில் சேராது.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி, 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட முதுகுத்தண்டு வலிக்கு அதையும் அதுபோன்ற பிற ஊசிமுறைகளையும் எதிர்த்தே பரிந்துரைத்தது. மருத்துவர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. எப்படியாயினும் நீரிழிவு உள்ளவர், ஊசிக்குப்பின் சில நாட்கள் சர்க்கரை உயரும் என்பதை முன்பே அறிந்து, அளவைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு உரிய இடமும் உண்டு. கால்வாய் சுருக்கத்தால் நூறடிகூட நடக்க முடியாமல், பயிற்சியும் காலமும் கைகொடுக்காதவருக்கு, நரம்பின்மீதான அழுத்தத்தை நீக்கும் அறுவை கால்வலியைக் குறைத்து நடையை மீட்டுத் தரலாம். பாதம் தூக்க முடியாமல் தொங்கத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. கால்வலி இல்லாத வெறும் இடுப்புவலிக்குத் திருகாணி பொருத்தி எலும்புகளை இணைக்கலாம் என்று ஒருவர் சொன்னால், வேறொரு மருத்துவரிடமும் கேட்க வேண்டும். ஐந்தாறு நோய்களுக்கு ஐந்தாறு மருத்துவர்களிடம் போகும் முதியவர்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முதியோர் மருத்துவரை நாடலாம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே அதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது.

சோதித்துப் பார்த்தல்

இத்தனையையும் ஒரே வாரத்தில் தொடங்கினால், அலமாரி மீண்டும் நிறைவதுதான் நடக்கும். ஒரு கோட்டு நோட்டில் இடப்பக்கம் தேதியும், நடுவில் மீட்க விரும்பும் வேலையின் அளவும், வலப்பக்கம் அன்று செய்தவையும் எழுத வேண்டும். முதல் இரு வாரங்கள் புதிதாக எதையும் சேர்க்காமல் இருப்பதை மட்டும் எழுதினால், வலி தானாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு ஒன்றை மட்டும் சேர்த்து, நடைக்கும் பயிற்சிக்கும் 6 முதல் 8 வாரமும், ஒத்தடம், களிம்பு போன்றவற்றுக்கு 2 வாரமும் கெடு வைக்கலாம். கெடு முடிந்தும் நடு வரிசையின் எண் நகரவில்லையென்றால் அதை நிறுத்திவிட வேண்டும்; விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று தொடர வேண்டாம். வலி குறைந்ததா என்று வீட்டார் நாள்தோறும் கேட்பதையும் நிறுத்தினால் நல்லது. கேட்கக் கேட்கக் கவனம் வலியிலேயே நிற்கிறது.

அந்த நோட்டில் தூக்கத்துக்கும் மனநிலைக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். துணையை இழந்தபின், பிள்ளைகள் வெளிநாடு போனபின் வலி இரட்டித்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. தூக்கமின்மையும் தனிமையும் வலியை உணரும் நரம்புகளின் கூர்மையைக் கூட்டுகின்றன. தொடர்ந்து சில வாரங்கள் எதிலும் நாட்டமில்லாமல் போனால், மருத்துவரிடம் இடுப்பைக் காட்டும்போதே அதையும் சொல்ல வேண்டும்.

நன்றாக இருந்துகொண்டிருக்கும்போதே ஒருநாள் மீண்டும் பிடித்துக்கொள்ளும். அந்த நாளுக்கான குறிப்பை முன்கூட்டியே எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பது உதவும். அதில் எழுத வேண்டியவை இவ்வளவுதான்: முதல் நாள் வேண்டுமானால் படுக்கலாம், இரண்டாம் நாளுக்குமேல் படுக்கை வேண்டாம், நடையைப் பாதியாகக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது, வேளைக்கு 20 நிமிடம் ஒத்தடம், மருத்துவர் அனுமதித்த மாத்திரை எது, எத்தனை நாள், எந்த அறிகுறி தெரிந்தால் யாரைத் தொலைபேசியில் அழைப்பது, இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவது. எழுத்து பெரிதாக, கண்ணாடி அணியாமலே படிக்கும்படி இருக்கட்டும்.